புயலுக்குப் பெயர் தந்த மாலுமி

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் நம் மலையில் வானிலைச் செய்தி கேட்காத வீடு இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்த ஓரிரு நாளில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் மலை ரயில் நின்றுபோகிறது. தண்டவாளத்தில் பாறை சரிந்து கிடக்கிறது என்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கம்பளியைத் தலைமேல் போட்டுக்கொண்டு லைன் வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்போம்.

கடலையே கண்ணால் பார்த்திராத தோழியர் சிலர் உள்ள இம்மலையில் கடற்புயலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் நம் கேத்தியில் ஒரே நாள் கணக்கில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. அப்போது ஏற்பட்ட நிலச்சரிவுகளில் இம்மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாட்களில் அரபிக்கடலில் உருவாகி, பியான் என்று பெயர் பெற்று, மகாராட்டிரக் கரையைக் கடந்தது ஒரு புயல். அது இழுத்துவந்த ஈரக்காற்று நம் மலைமீது மோதியதன் விளைவே அந்த மழை. கடல் நமக்குத் தொலைவில் இருக்கலாம். புயல் தொலைவில் இல்லை.

இவ்வகைப் புயலை உலகம் முழுவதும் உள்ள வானிலை அறிஞர்கள் சைக்ளோன் என்ற சொல்லால் குறிக்கின்றனர். கிரேக்க மொழியிலிருந்து தொன்றுதொட்டு வழங்கிவரும் சொல் இது என்று நாம் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. 180 ஆண்டுகளுக்கு முன் இச்சொல் எந்த மொழியிலும் இருந்ததில்லை. அதைப் படைத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஓர் ஓய்வுபெற்ற கப்பல் தலைவர். அவர் பெயர் ஹென்றி பிடிங்டன். வங்கக் கடலின் புயல்களைத் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் ஆராய்ந்து, மாலுமிகளின் உயிர்காக்க ஒரு நூல் எழுதி, அரசுக்கு ஓர் எச்சரிக்கையும் விடுத்து, அந்த எச்சரிக்கை பலிப்பதற்கு முன்பே மறைந்தவர் இவர்.

பிடிங்டன் 1797ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியான சசெக்ஸில் பிறந்தார். இளமையிலேயே வணிகக் கப்பலில் சேர்ந்து, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே பாய்மரக் கப்பல் ஓட்டினார். நீராவிக் கப்பல்கள் பெருகாத காலம் அது. காற்று ஒன்றுதான் மாலுமிக்கு எஞ்சின். அதுவே எமனும் ஆகலாம். வங்கக் கடலிலும் சீனக் கடலிலும் அவர் பட்ட அனுபவங்கள் பிற்காலத்தில் அவருக்கு எவ்வளவோ கைகொடுத்தன.

1830ஐ ஒட்டிக் கடல் வாழ்க்கையை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார். கரைக்கு வந்த மாலுமி சும்மா இருக்கவில்லை. இந்தியத் தாவரங்களின் பெயர்களைத் தொகுத்து 1832இல் ஒரு நூல் வெளியிட்டார். வங்காள ஆசியக் கழகத்தில் பணியாற்றினார். மண்ணையும் கனிமங்களையும் ஆய்ந்தார். பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தார். பின்னாளில், விபத்துக்குள்ளான கப்பல்களைப் பற்றி விசாரிக்கும் கடல் விசாரணை மன்றத்தின் தலைவரும் ஆனார். ஒரே மனிதர் இத்தனை வேலைகளையும் எப்படிப் பார்த்தார் என்று நமக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் இவற்றில் எதற்காகவும் இன்று அவரை உலகம் நினைக்கவில்லை.

1838இல் வில்லியம் ரீட் என்ற ஆங்கிலப் படை அதிகாரி புயல்களின் விதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளில் வீசும் பெரும்புயல்கள் நேர்க்கோட்டில் வீசுவன அல்ல, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வன என்று பல கப்பல்களின் குறிப்புகளைக் கொண்டு அதில் காட்டியிருந்தார். அமெரிக்காவில் ரெட்ஃபீல்டு என்பவர் 1831லேயே இக்கருத்தைச் சொல்லியிருந்தார். அவர்களுக்கும் முன்பாக, 1801இல், கம்பெனிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் கேப்பர் நம் சோழமண்டலக் கரைப் புயல்களைக் கவனித்து அவை சுழல்காற்றுகளே என்று எழுதியதைக் குறிப்பிடாமல் விடக்கூடாது. நம் கரை இந்த ஆராய்ச்சிக்கு அவ்வளவு பழைய களம்.

ரீடின் நூல் இந்தியாவுக்கு வந்தது. இங்குள்ள புயல்களும் அப்படித்தானா என்று ஆராய உதவும்படி அரசு கேட்டுக்கொண்டது. பிடிங்டன் அந்தப் பணியை எடுத்துக்கொண்டார். 1839 ஜூன் மாதத்தில் வங்கக் கடலில் வீசிய ஒரு புயல்தான் அவருடைய முதல் பாடம்.

அவர் செய்த வழி மிக எளியது. அதனால்தான் நமக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அன்று செயற்கைக்கோள் இல்லை, ராடார் இல்லை, தந்திக் கம்பிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு நாட்குறிப்பு இருந்தது. எந்த மணிக்கு எந்தத் திசையிலிருந்து காற்று, எவ்வளவு பலம், பாரமானி எவ்வளவு இறங்கியது, கப்பல் எங்கே இருந்தது என்பனவெல்லாம் அதில் எழுதப்படும். ஒரு கப்பலின் குறிப்பை மட்டும் பார்த்தால் காற்று திடீரெனத் திசைமாறிப் பேயாட்டம் ஆடியதாகத்தான் தோன்றும். பிடிங்டன் கல்கத்தாத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் தலைவர்களையெல்லாம் கேட்டு, அவர்கள் குறிப்புகளை வாங்கிப் படியெடுத்தார். மற்றத் துறைமுகங்களுக்கும் எழுதிக் கேட்டார். பிறகு ஒரே நாளில், ஒரே நேரத்தில் வெவ்வேறு கப்பல்கள் கண்ட காற்றின் திசைகளை ஒரே கடற்படத்தில் அம்புக்குறிகளாகப் போட்டார். அம்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டமாயின. அந்த வட்டம் மறுநாள் படத்தில் சற்று வடமேற்கே நகர்ந்திருந்தது. தனித்தனியே குழப்பமாயிருந்தவை ஒன்றாக வைத்ததும் ஒழுங்காகத் தெரிந்தன.

இவ்வாறு 1839 முதல் தம் இறுதிக்காலம் வரை 20க்கும் மேற்பட்ட ஆய்வுரைகளை ஆசியக் கழக ஏட்டில் எழுதினார். 1841 மே மாதத்துச் சென்னைப் புயலும் அவற்றில் ஒன்று. எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை. கதைபோல இருக்கும் இரண்டை மட்டும் சொல்கிறோம்.

1844 நவம்பரில் ரன்னிமீட், பிரிட்டன் என்ற இரு கப்பல்கள் படைவீரர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது; மற்றொன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து வந்தது. ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்கு ஒன்றும் தெரியாது. அந்தமான் கடலில் இரண்டும் ஒரே புயலில் சிக்கின. நவம்பர் 11ஆம் நாள் இரவு முடிந்து பொழுது விடிந்தபோது, இரண்டு கப்பல்களும் ஒரே தீவின் கரையில், ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில், அலையாத்தி மரங்களுக்கிடையே கிடந்தன. கடல்நீர் பொங்கி எழுந்து அவற்றைப் பாறைகளுக்கு மேலாகத் தூக்கிக்கொண்டுபோய் வைத்திருந்தது. அதனாலேயே பெரும்பாலோர் உயிர் தப்பினர். புயல் காற்றோடு மட்டும் வருவதில்லை, கடலையே மேலெழுப்பிக் கொண்டுவருகிறது என்பது பிடிங்டன் மனத்தில் ஆழப் பதிந்தது. இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

மற்றது 1845 பிப்ரவரியில் நடந்தது. சார்லஸ் ஹெடில் என்ற விரைவான சிறு கப்பல் மொரிஷியஸ் அருகே புயலில் மாட்டிக்கொண்டது. அதன் தலைவர் காற்றை எதிர்க்காமல், காற்று போகும் போக்கிலேயே கப்பலை ஓடவிட்டார். ஐந்து நாள் ஓடியது. சுமார் 1,300 மைல் ஓடியும், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 350 மைல்தான் போயிருந்தது. செக்கு மாடுபோலப் புயலின் மையத்தை ஐந்து முறை சுற்றியிருந்தது! அந்தக் கப்பலின் நாட்குறிப்பு பிடிங்டன் கைக்கு வந்தபோது அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். புயல் சுழல்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? சுற்றிக்கொண்டே காற்று சிறிது சிறிதாக உள்நோக்கியும் வளைகிறது என்பதும் அதிலிருந்து தெரிந்தது.

இத்தனை ஆராய்ந்த பிறகும் ஒரு தொல்லை இருந்தது. அது பெயர்த் தொல்லை. மாலுமிகள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடியினர் மொழியிலிருந்து வந்தது ஹரிக்கேன். சீனக் கடலில் டைபூன் என்றார்கள். அது சீனமா, அரபுச் சொல்லான தூஃபானா, கிரேக்கமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் பாக்யோ என்கிறார்கள். நம் தெலுங்குத் தோழியர் வீட்டில் துஃபான். நமக்குப் புயல், சூறாவளி, சண்டமாருதம் என்று மூன்றுக்குக் குறையாமல் உண்டு. இவை எல்லாம் பெரும்பாலும் காற்றின் வலிமையைச் சொல்வனவே. வடிவத்தைச் சொல்வன அல்ல. கடும் காற்று நேராகவும் வீசலாம், சுழன்றும் வீசலாம். மாலுமிக்கோ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு. நேராக வீசும் காற்றில் அதன் போக்கில் ஓடலாம். சுழலும் காற்றில் அப்படி ஓடினால் மையத்துக்கே போய்ச் சேர நேரும்.

ஆகவே வலிமை எதுவானாலும் சுற்றிச் சுழல்வதை மட்டும் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்று பிடிங்டன் கருதினார். கிரேக்க மொழியில் வட்டத்தையும், பாம்பின் சுருளையும் குறிக்கும் சொல்லிலிருந்து சைக்ளோன் என்ற பெயரை உண்டாக்கினார். 1848இல் வெளிவந்த அவருடைய நூலின் வழியாக அது உலகெங்கும் பரவியது. பாம்பு சுருண்டு படுத்திருப்பதையும் இன்று செயற்கைக்கோள் எடுக்கும் புயற்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படத்தையும் பார்க்காமல், நாட்குறிப்புகளை மட்டும் படித்து அந்தப் பெயரை வைத்தவர் அவர். 1863இல் கால்டன் என்ற அறிஞர் இதற்கு நேர்மாறான உயர் அழுத்தச் சுழற்சிக்குப் பெயர் தேடியபோது, இச்சொல்லின் முன் ஓர் எதிர்மறையைச் சேர்த்து ஆன்டிசைக்ளோன் என்றுதான் வைத்தார்.

அந்த 1848ஆம் ஆண்டு நூலின் பெயரையும் சொல்ல வேண்டும். புயல்களின் விதியைக் கற்பிக்கும் மாலுமியின் ஹார்ன் புக் என்பது அது. முன்காலத்தில் இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஒரு பலகையில் அரிச்சுவடித் தாளை ஒட்டி, அது கிழியாமலிருக்க மாட்டுக்கொம்பிலிருந்து எடுத்த மெல்லிய தகட்டால் மூடுவார்கள். அதற்குத்தான் ஹார்ன் புக் என்று பெயர். எனவே இந்நூல் மாலுமிக்குப் புயல் அரிச்சுவடி. பெயர்ப் பொருத்தம் அதோடு நிற்கவில்லை. நூலின் அட்டைப் பையில் உண்மையாகவே கொம்புத் தகடுகள் இரண்டு இருந்தன. ஒன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பயன்படுத்த, மற்றது தெற்கே பயன்படுத்த. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அத்தகட்டில் வட்டங்களும், வட்டத்தைச் சுற்றிக் காற்றுத் திசைகளும் வரையப்பட்டிருந்தன. கடற்படத்தில் கப்பல் இருக்கும் புள்ளியின்மேல், அப்போது வீசும் காற்றின் குறி வருமாறு தகட்டை வைத்தால், நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே புயலின் மையம். அதிலிருந்து விலகிச் செல்லும் வழியை மாலுமி தேர்ந்துகொள்ளலாம்.

நாங்களும் இதைச் செய்து பார்த்தோம். படம் பெயர்க்கும் மெல்லிய தாளில் வட்டம் வரைந்து, வட இந்தியப் பெருங்கடலுக்கு ஏற்பக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அம்புகள் போட்டு, பூகோளப் படத்தின்மேல் வைத்தோம். சென்னையில் வடக்கிலிருந்து காற்று வீசுகிறது என்று கொள்வோம். தாள் காட்டுகிறது: மையம் நேர்கிழக்கே கடலில். காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால் மையம் தென்கிழக்கே இறங்கியிருக்கிறது. புயல் நாகப்பட்டினம் பக்கம் போகப் பார்க்கிறது. வடமேற்கிலிருந்து வீசினால் மையம் வடகிழக்கே. ஆந்திரத்தார் கவனமாயிருக்க வேண்டும். தாள்கூட வேண்டியதில்லை. காற்றுக்கு முகங்கொடுத்து நின்று வலக்கையை நீட்டினால் ஏறக்குறைய அப்பக்கம்தான் மையம். ஆனால் இதை உதகையில் செய்யாதீர்கள். நம் பள்ளத்தாக்குகளில் காற்று தன் விருப்பம்போல் வளைந்து வீசும், கணக்குத் தப்பும்.

புயல் சுழல்கிறது என்று காட்டிய பிடிங்டனிடம், அது எதனால் பிறக்கிறது என்பதற்குச் சரியான விடை இல்லை. அது பிற்காலத்தார் கண்டது. கடலின் மேற்பரப்பு சுமார் 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும்; அந்தச் சூடு 50 மீட்டர் ஆழம் வரையாவது இருக்க வேண்டும். அங்கிருந்து எழும் நீராவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகும்போது, தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. நீராவிக்குள் வெப்பம் மறைந்திருப்பதை இட்லிப் பானையைத் திறக்கும்போது கையைச் சுட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் அறிவோம். அந்த வெப்பத்தால் காற்று இன்னும் மேலெழும்புகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமிருந்து ஈரக்காற்று அவ்விடத்துக்கு விரைகிறது. பூமி சுழல்வதால் அக்காற்று நேரே வராமல் வளைந்து வந்து சுழலத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த வளைக்கும் விசை இல்லாததால், சுமார் 5 பாகைக்குள் புயல் பிறப்பது மிக அரிது. வடபாதியில் இடமாகவும் தென்பாதியில் வலமாகவும் சுழல்வதும் இதனால்தான். மேலடுக்குக் காற்று பலமாக வீசினால் சுழற்சி கலைந்துபோகும். தரையேறினால் நீராவி கிடைக்காமல் இளைத்துப்போகும்.

நம் வானிலைத் துறையினர் இதற்குப் படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ. ஆனால் தாழ்வு மண்டலம். 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால்தான் புயல். 89க்கு மேல் தீவிரப் புயல். இப்படியே போய் 222ஐத் தொட்டால் சூப்பர் சைக்ளோன். 62ஐ எட்டிய பிறகே அதற்குத் தனிப்பெயர் சூட்டுகிறார்கள். நம் பக்கத்துக் கடல்களில் இவ்வழக்கம் 2004இல் தொடங்கியது; சுற்றியுள்ள நாடுகள் பெயர்களைத் தருகின்றன. 2018இல் டெல்டா மாவட்டத் தென்னைகளைச் சாய்த்த கஜா இலங்கை கொடுத்த பெயர். 2020இல் வெளியான பட்டியலில் இந்தியா கொடுத்தவற்றுள் முரசு என்ற தமிழ்ப்பெயரும் உண்டு. அமெரிக்காவில் 1953 முதல் 1978 வரை புயல்களுக்குப் பெண்களின் பெயர்களை மட்டுமே வைத்தார்கள் என்று படித்தபோது நம் வகுப்பில் பெரிய கூச்சலே எழுந்தது. பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு ஆண்களின் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்களாம். நியாயந்தானே!

இனி பிடிங்டன் விடுத்த எச்சரிக்கைக்கு வருவோம். புயலால் சாவோரில் பெரும்பாலோர் காற்றால் சாவதில்லை, நீரால் சாகிறார்கள் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். புயற்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. கரையோரக் கடல் ஆழம் குறைந்ததாகவும், ஆற்றுமுகம் புனல்போல் குறுகியதாகவும் இருந்தால் அந்த நீர் போக இடமின்றி மலைபோல் உயர்கிறது. கோதாவரி முகத்தில் காக்கிநாடாவுக்கு அருகேயுள்ள கோரிங்காத் துறைமுகத்தில் 1789 டிசம்பரில் மூன்று பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஊரை வாரிக்கொண்டு போனதை அவர் தம் நூலில் விவரித்திருக்கிறார். 1839 நவம்பரில், அவர் ஆராய்ச்சியைத் தொடங்கிய அதே ஆண்டில், அவ்வூர் மறுபடியும் அழிந்தது. நம் தமிழ்நாட்டாருக்குத் தனுஷ்கோடி ஒன்றே போதும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த கடல், பயணிகளோடு ஒரு ரயிலையே விழுங்கியது. ஊர் இருந்த இடத்தில் இன்று இடிந்த சுவர்களே நிற்கின்றன.

1850களில் கல்கத்தாவின் ஹூக்ளி ஆறு மணலால் தூர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அதற்கு மாற்றாகச் சுந்தரவனப் பகுதியில் மாதலா ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் கட்டத் திட்டமிட்டார்கள். கப்பல் வர ஆழம் இருந்தது, இடமும் இருந்தது. வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அது போதுமானதாக இருந்தது. பிடிங்டனுக்குப் போதவில்லை. கடலுக்கு நேரே திறந்து கிடக்கும் அந்த ஆற்றுவழியில் புயலலை தடையின்றி ஏறிவரும் என்றும், என்றாவது ஒருநாள் துறைமுகமும் மக்களும் நீரில் மூழ்க நேரும் என்றும் அவர் கணித்தார். 1853இல் இதை விளக்கி, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்குக் கடிதமாக எழுதி அச்சிட்டே வெளியிட்டார்.

டல்ஹௌசி பிரபு நம் மலைக்கும் தெரிந்தவரே. 1855இல் உடல்நலம் தேறுவதற்காக இங்கு வந்து உதகையிலும் கோத்தகிரியிலும் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். கோத்தகிரியின் கிழக்குச் சரிவில் நின்று, வடகிழக்குப் பருவத்தின் மேகங்கள் சமவெளியிலிருந்து ஏறிவருவதை அவரும் பார்த்திருக்கலாம். அந்த மேகம் எந்தக் கடலிலிருந்து வருகிறது என்று எழுதிய பழைய மாலுமியின் கடிதம் அப்போது அவர் நினைவுக்கு வந்திருக்குமா? துறைமுக வேலை நிற்கவில்லை. அடுத்து வந்த கவர்னர் ஜெனரலின் பெயரால் அதற்குப் போர்ட் கானிங் என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவிலிருந்து ரயில் பாதை போட்டார்கள். துறை மேடைகள் எழுந்தன. நிலம் வாங்கி விற்கக் கம்பெனி ஏற்பட்டு அதன் பங்குகளை மக்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள்.

இவற்றையெல்லாம் பார்க்கப் பிடிங்டன் இல்லை. 1858 ஏப்ரலில் அவர் கல்கத்தாவில் காலமானார். வயது 61. இறுதிவரை புயற்குறிப்புகளைத் தொகுத்துக்கொண்டே இருந்தார்.

1864 அக்டோபர் 5ஆம் நாள் ஒரு பெரும் சைக்ளோன் கல்கத்தாவைத் தாக்கியது. புயலலை ஹூக்ளி ஆற்றில் ஏறிவந்தது. 50,000க்குக் குறையாத மக்கள் மாண்டதாக மதிப்பிட்டார்கள். அதன் பின்னரே, முன்கூட்டி எச்சரிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அரசு விழித்துக்கொண்டது. 1865 முதல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரத் தொடங்கினார்கள். அப்புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவர் முதலில் நிலவியலாளர். நம் நீலகிரியின் பாறைகளை ஆராய்ந்து முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர். 1875இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. பிடிங்டன் தனியொருவராக நாட்குறிப்புகளைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் செய்த வேலையை, அதன்பின் நாடெங்குமுள்ள வானிலை நிலையங்கள் தந்தி மூலம் செய்யத் தொடங்கின.

1867 நவம்பர் 1ஆம் நாள் இரவில் மாதலா ஆற்றில் புயலலை ஏறிவந்தது. கடிதம் எழுதி 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. துறை மேடைகளும் ரயில் நிலையமும் சிதைந்தன. பிறகு கப்பல்கள் வருவது குறைந்து, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் துறைமுகத்தையே கைவிட்டார்கள்.

ரயில் பாதை மட்டும் மிஞ்சியது. இன்றும் கல்கத்தாவின் சியால்டா நிலையத்திலிருந்து கானிங்குக்குப் புறநகர் ரயில் ஓடுகிறது. சுந்தரவனம் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இறங்கிப் போகிறார்கள். மீனும் நண்டும் கூடைகூடையாக ஏறுகின்றன. கப்பல் வருவதில்லை.